எங்க ஊர் கடல் ஏறுமா, இறங்குமா?

பரீட்சை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. சினிமா விமர்சனம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு வேறு ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர் தூத்துக்குடி. வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் கடல் தெரியும். எங்கள் வகுப்பில் ஒருவன் மும்பையில் பிறந்து வளர்ந்தவன். பரீட்சை முடிந்ததும் நாலு நாள் என் வீட்டில் வந்து தங்கினான். முதல் நாள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "இப்ப கடல் ஏறுதா, இறங்குதா?"

நானும் என் உள்ளூர் நண்பர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவன் கெத்தாகச் சொன்னான்: "எங்க ஊர் கடல்ல அதெல்லாம் கிடையாதுடா. எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

நானும் தலையாட்டினேன். இருபது வருஷமாக இந்தக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை ஓதங்களைப் பற்றிப் படித்து, ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் படமும் வரைந்து, ஐந்துக்கு ஐந்து வாங்கியவன். ஆனாலும் தலையாட்டினேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் 'ஓதம்' என்ற சொல் மழைக்காலத்தில் சுவர் நமுத்துப் போவதற்கு மட்டும்தான் பயன்படும்!

அந்தத் தலையாட்டலுக்குத் தண்டனை இரண்டே நாளில் கிடைத்தது.

அது ஒரு சனிக்கிழமை. ஊருக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி, ஒரு ஓடை கடலில் போய்ச் சேரும் இடம் இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டு. பூநாரைகள் வந்திருக்கின்றன என்று யாரோ சொன்னார்கள். காலை எட்டு மணிக்கு நாலு பேரும் இரண்டு வண்டியில் போனோம். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நடந்தே திட்டுக்குப் போய்விட்டோம். பூநாரைகள் நிஜமாகவே இருந்தன. போட்டோ எடுத்தோம், கொண்டுபோன முறுக்கைத் தின்றோம், கதை பேசினோம். நேரம் போனதே தெரியவில்லை.

பதினொரு மணிக்கு மேல் திரும்பலாம் என்று வந்து பார்த்தால் ஓடை வேறு ஓடையாக இருந்தது. அகலம் இரண்டு மடங்கு. தண்ணீர் கடலிலிருந்து உள்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. முதலில் இறங்கிய எனக்குத் தொடை வரை வந்துவிட்டது, காலடியில் மணல் நழுவியது. மும்பைக்காரன் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்கரையில் வலைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா எழுந்து நின்று கத்தினார். "ஏலே தம்பியளா! அங்கன இறங்காதீய! அப்படியே உள்ளுக்க நடங்க... இன்னும் நட... அந்தக் கருவேல மரத்துக்கு நேரா கடங்க! ஒருத்தன் கைய ஒருத்தன் புடிச்சுக்கிடுங்க!"

அவர் காட்டிய இடத்தில் ஓடை அகலமாக இருந்தது. ஆனால் ஆழம் குறைவு, இழுப்பும் குறைவு. கைகோத்துக்கொண்டு கடந்தோம். ஒருவன் செல்போன் தண்ணீருக்குப் போய்விட்டது. கரையோரம் கழற்றிப் போட்ட இரண்டு ஜோடிச் செருப்பு போன இடம் தெரியவில்லை. அவ்வளவுதான் நஷ்டம். ஆனால் நீச்சல் தெரியாத அந்த நண்பன் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

தாத்தாவிடம் போய் நின்றோம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "எந்த ஊருலே?"

"தூத்துக்குடிதான் தாத்தா."

"தூத்துக்குடியா? வெளியூர்க்காரப் பயலுவன்னுல்ல நெனச்சேன். நேத்து என்ன நாளு?"

"வெள்ளிக்கிழமை."

"அது தெரியும். என்ன நாளு?"

முழித்தோம்.

"அமாவாசைலே. காலைல காலண்டரு தாளக் கிழிச்சிருப்பியே, அதுல போட்டிருக்குமே. அமாவாசைக்கு மறுநாளு தண்ணி நல்லா வத்தும், நல்லா ஏறும். வத்துன தண்ணியப் பாத்துட்டு உள்ள போனா, ஏறுற தண்ணி வழி விடுமா?"

இந்தக் கேள்விதான் நான் சொன்ன விஷயம். இரண்டு வாரமாக மனசை விட்டுப் போகவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்களான நாங்கள், கடல் நிறைய ஏறி இறங்காது என்ற ஒரே காரணத்தால், கடல் ஏறுவதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது சின்னத் தப்பு அல்ல. ஊரின் தொழில், நிலம், சட்டம், மழைவெள்ளம் எல்லாமே அந்தக் கொஞ்சூண்டு ஏற்ற இறக்கத்தைச் சார்ந்துதான் இருக்கின்றன. அதைத் தெரிந்துகொள்ளாதவன் கடற்கரையில் வசிக்கலாம். கடற்கரை ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

சரி, அந்தக் கொஞ்சூண்டு எவ்வளவு? தூத்துக்குடியில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில்கூட ஒரு மீட்டருக்கும் குறைவுதான். மும்பையில் அது நாலைந்து மீட்டர். குஜராத்தின் பவநகர்ப் பக்கம் பத்து மீட்டர், அதாவது மூன்று மாடி உயரம். அங்கே அலங் என்ற இடத்தில் பழைய கப்பல்களை உடைக்கிறார்களே, அந்தத் தொழிலே ஓதத்தை நம்பித்தான் நடக்கிறது. பெரிய ஓதம் ஏறும் நாளில் கப்பலை வேகமாகக் கரையில் கொண்டுவந்து ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் இறங்கியதும் கப்பல் தரையில் நிற்கும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 16 மீட்டர் வரை ஏறும், உலகத்திலேயே அதிகம் அதுதான்.

ஏன் இந்த வித்தியாசம்? நிலாவும் சூரியனும் எல்லாக் கடலையும் இழுக்கத்தான் செய்கின்றன. ஆழ்கடலில் அந்த ஏற்றம் பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் காம்பே வளைகுடா மாதிரி, வாய் அகன்று உள்ளே போகப் போகக் குறுகும் புனல் வடிவ இடத்தில் அந்தத் தண்ணீர் நுழையும்போது, போக இடமில்லாமல் உயர்ந்துகொண்டே போகிறது. மன்னார் வளைகுடாவுக்கு அப்படி ஒரு வடிவம் அமையவில்லை. அதனால் நமக்கு வருவது அடக்கமான ஓதம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடல் மேலே எவ்வளவு ஏறுகிறது என்பது ஒரு கணக்கு. பக்கவாட்டில் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பது இன்னொரு கணக்கு. கரை செங்குத்தாக இருந்தால் 60 சென்டிமீட்டர் ஏற்றம் ஒரு பொருட்டே அல்ல. கரை 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் படுத்துக் கிடந்தால், அதே 60 சென்டிமீட்டர் 120 மீட்டர் தூரத்துக்கு நிலத்தை மூடும். கணுக்கால் தண்ணீரோடு 60 சென்டிமீட்டரைக் கூட்டிப் பாருங்கள், என் தொடை வரும். :-)

எங்க ஊர் கடல் அப்படிப் படுத்துக் கிடக்கிற கடல்தான். அதற்கு ஊரின் வரலாறே சாட்சி. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்தில் பெரிய கப்பல்கள் தூத்துக்குடிக் கரைக்கு வரவே முடியாது. கடல் அவ்வளவு ஆழமில்லை. பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் படகில்தான் போய் ஏற வேண்டும். பிற்பாடு பெரிய துறைமுகம் கட்டும்போது (1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது) ஆழத்தைத் தேடிக் கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் கல்லைக் கொட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வடக்கு அலைத்தடுப்புச் சுவர் மட்டும் நாலு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம், தெற்குச் சுவர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆழமில்லாத கடலில் ஒவ்வொரு சாண் தண்ணீருக்கும் மதிப்பு உண்டு.

இதைத் துறைமுகத்துக்காரர்கள் மட்டும் இல்லை, கரையில் பிழைக்கிற எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தாத்தா சொன்ன கணக்கு இது: "தண்ணி வத்திக் கெடந்தா வள்ளத்தத் தள்ள ஆறு பேரு வேணும். ஏறிக் கெடந்தா ரெண்டு பேரு போதும்." மட்டி பொறுக்கப் போகும் பெண்கள் தண்ணீர் வற்றும் நேரத்துக்குத்தான் கூடையை எடுப்பார்களாம். ஓடையிலிருந்து தண்ணீர் எடுக்கிற உப்பளங்களுக்கு ஓதம் ஏறும் நேரம்தான் பம்பு ஓடும் நேரம். ஓடை முகத்தில் நண்டு வலை போடுகிறவருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான் வருமானம். நாம் சாயங்காலம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு 'எப்பவும் ஒரே மாதிரி இருக்கே' என்று பார்க்கிற கடல், அவர்களுக்கு ஒரு நாளில் நாலு தடவை மாறுகிற கடல். இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம் தினசரி காலண்டரை எடுத்துப் பார்த்ததுதான். ராகுகாலம், எமகண்டம், சூலம், நல்ல நேரம் எல்லாம் தினமும் பார்க்கிறோம். அதே தாளில் திதி என்று ஒரு வரி இருக்கிறது. அம்மா விரதத்துக்காகப் பார்ப்பார். நான் பார்த்ததே இல்லை. இந்த முறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓர் ஆச்சரியம் காத்திருந்தது.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 15 திதி. ஓத நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தள்ளிப்போகும். திதிக் கணக்கில் பார்த்தால் அது 48 நிமிடம். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஆக, திதிக்கு இரண்டு நாழிகை! 15 திதிக்கு 30 நாழிகை, அதாவது 12 மணி நேரம். அமாவாசையன்று ஒரு துறையில் மதியம் எந்த நேரத்தில் தண்ணீர் உச்சத்துக்கு வந்ததோ, பௌர்ணமியன்றும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வரும். ஆகவே உங்கள் ஊர்க் கரையில் ஒரே ஒரு அமாவாசையன்று போய் நின்று உயர் ஓதம் எத்தனை மணிக்கு என்று குறித்து வைத்துக்கொண்டால் போதும். பிறகு திதியைப் பார்த்து, திதிக்கு இரண்டு நாழிகை கூட்டிக்கொண்டே வந்தால் எந்த நாளுக்கும் தோராயமாகச் சொல்லிவிடலாம். அரை மணி, ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம். அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாள் ஏற்ற இறக்கம் அதிகம். அஷ்டமி, நவமி வாக்கில் மிகக் குறைவு.

அதாவது, எங்கள் ஊரில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஓத அட்டவணை ஆணியில் தொங்குகிறது. தினமும் ஒரு தாளைக் கிழித்துக் கசக்கிப் போடுகிறோம். அதற்குப் பெயர் ஓத அட்டவணை என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் நிலா, சூரியன், பூமி மூன்றையும் ஒரே கோட்டில் வரையச் சொன்னார்கள். ஒரு கிலோமீட்டர் நடந்தால் அந்தப் படம் நிஜமாக நடக்கிற இடம். ஒரு நாள்கூட அங்கே கூட்டிப்போனதில்லை. அதில் ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும்தான் தோன்றவில்லையே.

"சரிடா, மீனவர்களுக்குத் தெரிந்தால் போதும். நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். என் நண்பனும் அதைத்தான் கேட்டான். நியாயமான கேள்வி. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலாவது, நம் தீவுகள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகள் என்று படித்திருப்பீர்கள். அவற்றில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில். தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருக்கும் வான் தீவு 1986-க்குப் பிறகு கால்வாசிக்கும் கீழாகச் சுருங்கிவிட்டது. காரணம் கடல் மட்டும் இல்லை. சுண்ணாம்புக்காகப் பல வருடம் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தோம். அலையின் வேகத்தை உடைக்க ஆள் இல்லாமல் போனது, தீவு கரைந்தது. 2015-லிருந்து அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைத் திட்டுகளைக் கடலுக்குள் இறக்கினார்கள். தேய்மானம் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. இதில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயம், அந்தத் தீவின் பரப்பளவை இரண்டு எண்களாகத்தான் சொல்கிறார்கள். உயர் ஓதத்தில் இவ்வளவு, தாழ் ஓதத்தில் இவ்வளவு. எப்பவும் ஒரே மாதிரி இருக்கும் என்று நாம் சொல்கிற கடலில், மணியைப் பார்த்துத்தான் அளவு சொல்ல முடிகிற ஒரு தீவு இருக்கிறது. உலகக் கடல் மட்டம் 1901-லிருந்து 2018-க்குள் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பத்து மீட்டர் ஓதம் அடிக்கிற ஊரில் 20 சென்டிமீட்டர் பெரிதாகத் தெரியாமல் போகலாம். மொத்த ஆட்டமே ஒரு மீட்டருக்குள் நடக்கிற ஊரில்?

இரண்டாவது, சட்டம். கடலோரத்தில் யார் எதைக் கட்டலாம், கட்டக்கூடாது என்று சொல்வது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. முதலில் 1991-ல் வந்தது, பிறகு 2011-லும் 2019-லும் புதிதாக வெளியிட்டார்கள். அதில் நீளம் அளக்க ஆரம்பிக்கும் இடம் எது தெரியுமா? உயர் ஓதக் கோடு. பெரிய ஓதத்தின்போது தண்ணீர் நிலத்தில் எதுவரை வருகிறதோ அந்தக் கோடு. அங்கிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை அந்த அறிவிக்கை பேசும். உயர் ஓதக் கோட்டுக்கும் தாழ் ஓதக் கோட்டுக்கும் நடுவில் உள்ள நிலத்துக்குத் தனி விதி. ஓதம் ஏறி இறங்குகிற ஓடைகளுக்கும் விதி உண்டு. வள்ளத்தை இழுத்துப் போடுவதும், வலை காயப்போடுவதும், கருவாடு உலர்த்துவதும் இந்தக் கோட்டை ஒட்டித்தான் நடக்கின்றன. நாளைக்கு யாராவது அந்த ஓரத்தில் வேலி போட்டு 'இது காலி இடம்' என்று சொன்னால், 'இல்லை, அமாவாசைக்குத் தண்ணீர் இதுவரைக்கும் வரும்' என்று சொல்ல ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோடு எங்கே என்று தெரியாதவனுக்கு, கோட்டைத் தாண்டினார்கள் என்பதும் தெரியாது. அந்தத் தாத்தாவுக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லை எந்த மேஜையில் எடுத்துக்கொள்வார்கள்? ஊரில் பாதிப் பேருக்காவது தெரிந்திருந்தால் கதை வேறு.

மூன்றாவது, மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீருக்கு ஓதம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பழைய காலண்டரில் தேடிப் பார்த்தேன், 18-ம் தேதி வளர்பிறை சஷ்டி. கடல் பெரிதாக ஏறுகிற நாளே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர் தட்டையான ஊர். ஊரில் பெய்த தண்ணீர் கடைசியில் கடலுக்குத்தான் போக வேண்டும். கடல் ஏறி நிற்கும்போது வாய்க்கால் தயங்கும், இறங்கும்போது வேகமாக வடியும். வடிகாலுக்குத் தினமும் இரண்டு தடவை கதவு திறந்து இரண்டு தடவை சாத்துகிற மாதிரி. அடுத்த பெருமழை அமாவாசைக்கு மறுநாள் வந்தால்? அப்போது எத்தனை மணிக்குத் தண்ணீர் வடிய ஆரம்பிக்கும் என்று தெரு மக்களுக்குத் தெரிந்தால், பாட்டியை மாடிக்குக் கொண்டுபோவதா, காத்திருப்பதா என்று முடிவு எடுக்கவாவது உதவும்.

இன்னொரு எதிர்வாதமும் வரும். "எல்லாம் போனிலேயே வருதே, நாழிகை கணக்கெல்லாம் எதற்கு?" வருகிறதுதான். நானும் இப்போது ஒரு செயலியை இறக்கி வைத்திருக்கிறேன், வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சனிக்கிழமை நாலு பேர் கையிலும் போன் இருந்தது. பூநாரையைப் படம் எடுக்கத்தான் எடுத்தோம். கடல் ஏறும் என்கிற எண்ணமே இல்லாதவன் எதைத் தேடுவான்? மேலும் முன்கூட்டிப் போடுகிற ஓதக் கணக்கு நிலாவையும் சூரியனையும் வைத்துப் போடுவது. காற்று பலமாக அடித்தால் தண்ணீர் கணக்கை மீறி ஏறும், அல்லது ஏறாமல் நிற்கும். அதைக் கரையில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஓதத்தை மட்டும் தெரிந்துகொண்டால் எல்லா ஆபத்தும் போய்விடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று பௌர்ணமி. ஆனால் வந்த சுனாமி ஓதம் இல்லை, கடலடிப் பூகம்பத்தால் வந்தது. கள்ளக்கடல் என்று ஒன்று இருக்கிறது. எங்கோ தென்சமுத்திரத்தில் அடித்த புயலால் கிளம்பும் நீண்ட அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். அதுவும் ஓதம் இல்லை. ஆனால் ஓதம் ஏறிய நேரத்தில் வந்தால் இன்னும் உள்ளே வரும். 2024 மே 6-ம் தேதி குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். நம்மைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் அலை சீற்றம் பற்றி முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஒரு பக்கம் இருந்தது, கடலைப் பார்க்க வந்த பிள்ளைகள் இன்னொரு பக்கம் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகைகூட இல்லாமல் போகிற இடங்கள்தான் நம் கடற்கரைகளில் அதிகம். அந்தச் செய்தியை அன்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன் நான். ஓடையில் தொடையளவு தண்ணீரில் நின்றபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை.

கடற்கரைக்கு மக்கள் வந்து உட்காருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கரும்பலகை வைக்கலாம். இன்று உயர் ஓதம் எத்தனை மணிக்கு, தாழ் ஓதம் எத்தனை மணிக்கு, அலை எச்சரிக்கை உண்டா, இல்லையா. தமிழில், சாக்பீஸில் எழுதினால் போதும். அந்தந்தக் கரையில் மீன்பிடிக்கிற ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம். காற்றைப் பார்த்து ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க அவர்களால்தான் முடியும். தினமும் விலைப்பட்டியல் எழுதிப்போட ஆள் இருக்கிற ஊரில் இதற்கும் ஆள் கிடைப்பார்கள்.

கடலோரப் பள்ளிகளில் ஓதம் பாடம் வருகிற மாதம், பிள்ளைகளை ஒரே ஒரு நாள் இரண்டு தடவை கரைக்குக் கூட்டிப்போகலாம். தண்ணீர் வற்றியபோது ஒரு குச்சியை நட்டு, ஏறியபோது எவ்வளவு மூழ்கியது என்று அளந்தால் போதும். படகுத்துறைத் தூணில் சிப்பி ஒட்டியிருக்கிற வரம்பைக் காட்டினால் ஓதக் கோடு என்றால் என்ன என்று யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஐந்து மதிப்பெண் தானாக வரும்.

காலண்டர் அச்சடிக்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எங்கள் பக்கம் விற்கிற தாளில் திதிக்குப் பக்கத்தில் 'உயர் ஓதம்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? கௌரி பஞ்சாங்கத்துக்கு இடம் இருக்கும்போது இதற்கும் கொஞ்சம் இடம் இருக்காதா?

கடைசியாக நமக்கு. கடலோரத்தில் இருக்கிற நண்பர்கள் அடுத்த அமாவாசையன்று ஒரு நாள் கரைக்குப் போய்ப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் போதும். எங்க ஊர் கடல் ஏறாது என்று அதற்குப் பிறகு சொல்ல மாட்டீர்கள்.

மும்பை நண்பன் ஊருக்குப் போய்விட்டான். போகும்போது ரயிலடியில் சொன்னான்: "உங்க ஊர் கடல் அமைதியான கடல்டா. அதான் உங்களை ஏமாத்துது." புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். போன மழைக்கு நமுத்த சுவரை அம்மா இன்னும் ஓதம் என்றுதான் சொல்கிறார். நான் அந்தச் சுவரிலேயே காலண்டரை மாற்றி மாட்டி, பக்கத்தில் பென்சிலால் ஓத நேரம் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இன்றைக்குச் சாயங்காலம் வள்ளம் திரும்புகிற நேரத்துக்குக் கரைக்குப் போகிறேன். தாத்தாவைப் பார்த்து என் கணக்கு சரியா என்று கேட்க வேண்டும். தப்பாக இருந்தால் திட்டுவார். திட்டட்டும்.